ஓரம் சரிந்த கண்ணாடி

சாயங்காலம் ஆறு மணிக்குள் விடுதிக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது பெண்களுக்கு மட்டும் இருந்த விதி. என் ஆராய்ச்சியைத் தீர்மானித்தது அந்த விதிதான். வாழ்க்கையில் நான் செய்த ஒரே பழிவாங்கலும் அதிலிருந்துதான் முளைத்தது.

எங்கள் கல்லூரி தஞ்சாவூரிலிருந்து திருச்சி போகும் சாலையை ஒட்டி இருந்தது. இயற்பியல் துறையின் லேசர் அறை தரைத்தளத்தில், சாலையைப் பார்த்தபடி. வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு நாடு கதவைத் திறந்துவிட்டிருந்த வருடங்கள் அவை. சாலையில் அதற்கு முன் பார்த்திராத நீளத்துக்கு லாரிகள் ஓடின. வகுப்பில் பாதிப் பேர் கணினிப் படிப்புக்குத் தாவிவிட்டார்கள். மீதிப் பேர் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தார்கள். நான் லேசர் அறையில் இருந்தேன்.

நாங்கள் அளந்தது கண்ணாடியின் மேடுபள்ளத்தை. கையால் தடவினாலும் தெரியாது, கண்ணுக்கும் தெரியாது. ஒரு லேசர் கதிரை இரண்டாகப் பிரித்து, ஒன்றைத் துல்லியமாகச் சமமான கண்ணாடி ஒன்றின்மேலும், மற்றதை நாங்கள் சோதிக்கும் கண்ணாடியின்மேலும் விழச் செய்வோம். திரும்பி வரும் இரண்டும் ஒன்றோடொன்று கலக்கும்போது கறுப்பும் சிவப்புமாகப் பட்டைகள் தோன்றும். ஒரு கறுப்புப் பட்டையிலிருந்து அடுத்த கறுப்புப் பட்டைக்குப் போனால், தலைமுடியின் கனத்தில் இருநூறில் ஒரு பங்கு அளவுக்குப் பரப்பு ஏறியிருக்கிறது அல்லது இறங்கியிருக்கிறது என்று பொருள். பட்டைகளை எண்ணிக்கொண்டே போனால் கண்ணாடியின் வடிவம் கிடைத்துவிடும். எண்ணுவதில் ஒன்று தப்பினால் போச்சு. அதற்கு அப்பால் உள்ள எல்லாமே ஒரு படி உயர்ந்தோ தாழ்ந்தோ போய்விடும். கண்ணாடியில் இல்லாத ஒரு சுவர் கணினித் திரையில் எழுந்து நிற்கும்.

சாலையில் லாரி போனால் பட்டைகள் நடுங்கும். கருவியைத் தாங்கிய கருங்கல் பலகையை, மணல் பரப்பி, காற்றடித்த லாரி டியூப்களின்மேல்தான் வைத்திருந்தோம். லாரி டியூபை வைத்து லாரியிடமிருந்து தப்பிக்கப் பார்த்தோம். பாதிதான் தப்பினோம். அதனால் ஆராய்ச்சி மாணவர்கள் எல்லோரும் சாலை அடங்கிய பிறகு வந்து அளப்பார்கள். ஆண்களுக்கு அது முடியும். அவர்களுடைய படங்கள் கோடு போட்ட நோட்டுப் போல இருக்கும். என் படங்கள் எல்லாம் பகல் படங்கள். பூச்சி அரித்த இலை மாதிரி அங்கங்கே புள்ளிகள், இரைச்சல்.

எங்கள் அறையில் எனக்கு நான்கு வருடம் மூத்தவர் ஒருவர் இருந்தார். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணா என்றே கூப்பிடுவோம். மன்னார்குடிப் பக்கம் நிலபுலன் உள்ள குடும்பம். நன்றாகப் பேசுவார், ஆங்கிலத்தில் இன்னும் நன்றாகப் பேசுவார். என் படங்களைப் பார்த்துவிட்டு, இதையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு விடுதிக் காப்பாளரிடம் சிறப்பு அனுமதி வாங்கிக்கொள்ளச் சொன்னார். நான் கேட்டேன். காப்பாளர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பிறகு மறுபடி கேட்கவில்லை.

சுத்தமான படம் எனக்குக் கிடைக்கப் போவதில்லை என்று தெரிந்த பிறகு, அழுக்குப் படத்திலிருந்து உண்மையை எடுக்கும் வழியைத்தான் தேடவேண்டியிருந்தது. எல்லோருடைய கணினி நிரலும் படத்தின் இடது ஓரத்தில் தொடங்கி வரிசையாக எண்ணிக்கொண்டு போகும். வழியில் ஒரு கெட்ட புள்ளி வந்தால் இடறி விழும். நான் வரிசையை விட்டேன். ஒவ்வொரு புள்ளியிலும் பட்டை எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று முதலில் பார்த்து, மிகத் தெளிவான புள்ளியில் எண்ணத் தொடங்கி, அதற்கடுத்துத் தெளிவான பக்கத்துப் புள்ளிக்குப் போய், நம்ப முடியாதவற்றைக் கடைசிக்குத் தள்ளி, அக்கம்பக்கத்தின் உயரத்தைக் கொண்டு அவற்றை நிரப்பினேன். இதை எழுதி முடிக்க எட்டு மாதம் ஆயிற்று. முதல்முறை ஓடியபோது, நடுப்பகலில், லாரிகளுக்கு நடுவில் எடுத்த படத்திலிருந்து கண்ணாடியின் வடிவம் பிசிறில்லாமல் எழுந்து வந்தது. அறையில் நான் மட்டும் இருந்தேன். எழுந்து போய் ஜன்னலைத் திறந்து வைத்தேன். இனி லாரி போகட்டும்.

அண்ணா அதைப் பார்த்தார். இன்னொரு பகல் படத்தைப் போட்டு ஓட்டச் சொன்னார். பிறகு, "தங்கச்சி, அந்த ஃபிளாப்பியக் கொஞ்சம் குடு. ஒரு தடவ ஓட்டிப் பாத்துட்டுத் தந்துடறேன்" என்றார். கொடுத்தேன். அண்ணன் கேட்டால் தங்கை கொடுப்பாள் அல்லவா.

கொடுத்த ஆறு மாதத்தில் என் நிரலில் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தேன். கண்ணாடியை மெருகேற்றும்போது சில சமயம் ஓரம் அதிகமாகத் தேய்ந்து சரிந்துவிடும். அந்தச் சரிவில் பட்டைகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு மங்கலாகத் தெரியும். மங்கலாக இருப்பதெல்லாம் இரைச்சல் என்று நினைத்துக்கொண்டு என் நிரல் அந்த இடத்தை நிரவிவிடும். சரிந்த ஓரம் திரையில் சமமாகத் தெரியும். அதற்கு மருந்தும் எளிதாகவே கிடைத்தது. இரைச்சல் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் வரும். கண்ணாடியின் குறை இடம் மாறாது. பத்து முறை அளந்து, பத்திலும் ஒரே இடம் மங்கலாக இருந்தால் அங்கே நிரப்பக்கூடாது, வெற்றாக விடவேண்டும். இதை என் நோட்டில் ஒரு பக்கத்தில் எழுதினேன். அண்ணாவிடம் சொல்லத்தான் இருந்தேன். அந்த வாரம் அவர் ஊருக்குப் போயிருந்தார்.

அதே வாரம் வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றிலிருந்து அச்சான கட்டுரைப் பிரதிகளின் கட்டு வந்தது. அறையில் இருந்தவள் நான் என்பதால் நான்தான் பிரித்தேன். என் வழிமுறை, நான் வரைந்த விளக்கப்படம், பகலில் லாரிகளுக்கு நடுவில் நான் எடுத்த மூன்று படங்கள். மேலே இரண்டு பெயர்கள். ஒன்று எங்கள் ஆய்வை வழிநடத்திய கைடுடையது, மற்றது அண்ணாவுடையது. கடைசிப் பக்கத்தின் அடியில், தரவு சேகரிக்க உதவியதற்காக எனக்கு ஒரு வரி நன்றி. அதிலும் என் இனிஷியல் தப்பு.

கட்டுரையை எடுத்துக்கொண்டு கைடின் அறைக்குப் போனேன். அவர் கெட்டவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். என்னை உட்காரச் சொன்னார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

"இங்க பாரும்மா, ஒனக்கு வைகாசியில கல்யாணம். மாப்பிள்ள துபாய்ல இருக்காருங்கற. அவன் அமெரிக்கா போறதுக்கு இந்த ஒரு பேப்பர்தான் இருக்கு. யாருக்குப் பேரு வேணும்னு நீயே சொல்லு."

எனக்கு வேண்டும் என்று சொன்னேன். அவர் சிரித்தார். கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. ஒரு குழந்தை நிலாவைக் கேட்டதுபோலச் சிரித்தார்.

அண்ணா ஊரிலிருந்து வந்ததும், பெயர் விட்டுப்போனது கைடின் முடிவு, அடுத்த கட்டுரையில் கட்டாயம் சேர்த்துவிடலாம் என்றார். முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். சொல்லும்போது என் தோளில் தட்டினார்.

எங்கள் வீடு சீர்காழிக்குக் கிழக்கே, தரங்கம்பாடிச் சபையைச் சேர்ந்த கிறிஸ்தவக் குடும்பம். அப்பா மஸ்கட்டில் ஏசி மெக்கானிக்காக இருந்தார். கொஞ்சம் சொந்த நிலம், கொஞ்சம் குத்தகை நிலம், இரண்டையும் அம்மாதான் பார்த்துக்கொண்டாள். பக்கத்து வயல்காரர் அப்பா ஊரில் இல்லாத தைரியத்தில் வருடத்துக்கு ஒரு சாண் வரப்பை எங்கள் பக்கம் வெட்டித் தள்ளிக்கொண்டே வந்தார். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. நாங்கள்தான் கொதித்தோம். நான்காம் வருடம் ஜமாபந்தியில் தாசில்தாரிடம் மனு கொடுத்தாள். சர்வேயர் வந்து அளந்து பழைய எல்லைக் கல்லைத் தோண்டி எடுத்தபோது, அந்தச் சாண்களில் பக்கத்து வயல்காரர் நட்டிருந்த சம்பா கதிர் முற்றி நின்றது. கதிரோடு சேர்த்துத்தான் விட்டுக்கொடுத்தார். ஏன் இத்தனை வருடம் பொறுத்தாய் என்று கேட்டபோது, "வெறும் வரப்பா இருந்தா அவனுக்கு என்ன வலிக்கும்" என்றாள்.

நான் அந்த அம்மாவின் மகள். நோட்டைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். அண்ணா அமெரிக்காவுக்குக் கிளம்பியபோது தஞ்சாவூர் ரயில் நிலையத்துக்குத் துறையோடு சேர்ந்து நானும் போனேன். மாலை போட்டார்கள். நானும் கைகுலுக்கி, நல்லா பண்ணுங்கண்ணா என்றேன். உண்மையாகவே அவர் நன்றாகச் செய்யவேண்டும் என்று விரும்பினேன். அந்த நிரலின்மேல் எவ்வளவு உயரமாகக் கட்டமுடியுமோ அவ்வளவு உயரமாகக் கட்டவேண்டும்.

அடுத்த கட்டுரை என்று ஒன்று வரவேயில்லை. நான் ஆய்வை முடிக்காமலேயே வெளியே வந்தேன். கல்யாணம் ஆயிற்று. கணவர் துபாயிலேயே இருந்தார், நான் தஞ்சாவூரில் வீடெடுத்து மகளை வளர்த்தேன். ஆடி மாதம் ஒரு மாத விடுப்பில் வந்து போவார். எங்கள் தெருவில் பாதி வீடுகள் அப்படித்தான். மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபோது செங்கிப்பட்டிப் பக்கம் வெளிநாட்டுக் கூட்டில் லென்சு தொழிற்சாலை ஒன்று திறந்தார்கள். அளவைப் பிரிவில் உதவியாளராகச் சேர்ந்தேன். ஐந்து வருடத்தில் அந்தப் பிரிவுக்குப் பொறுப்பாளரானேன். இடையில் அண்ணாவைப் பற்றிச் செய்திகள் வந்துகொண்டிருந்தன. அமெரிக்காவில் பரப்பை அளக்கும் கருவி செய்யும் கம்பெனியில் சேர்ந்திருக்கிறார், அந்தக் கருவிக்குள் ஓடுவது அவர் எழுதிய நிரல்தான், பல நாடுகளுக்குப் போகிறது. ஒவ்வொரு செய்தியும் எனக்கு இனித்தது. கதிர் முற்றிக்கொண்டிருந்தது.

ஃபிளாப்பி கைமாறி பதினோரு வருடங்கள் கழித்து, எங்கள் தொழிற்சாலைக்குப் புதுக் கருவி வாங்கும் பேச்சு வந்தது. வந்த விலைப்புள்ளிகளில் ஒன்று அவருடைய கம்பெனியுடையது. நேரில் ஓட்டிக் காட்டினால்தான் பரிந்துரைக்க முடியும் என்று எழுதினேன். சொந்த ஊர்ப் பக்கம் என்பதால் தானே வருவதாக அவரிடமிருந்து பதில் வந்தது. அளவைப் பிரிவின் பொறுப்பாளர் என்று கடிதத்தில் இருந்த என் பெயரை அவர் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. இப்போது என் பெயருக்குப் பின்னால் கணவர் பெயர் இருந்தது.

விஜயதசமி அன்று வைத்துக்கொள்ளலாம் என்று நான்தான் சொன்னேன். முந்தின நாள் ஆயுத பூஜையோடு எல்லா எந்திரங்களையும் நிறுத்தியிருப்பார்கள், தரை ஆடாது, உங்கள் கருவிக்கு நல்லது என்று எழுதினேன். என் அக்கறைக்கு நன்றி சொல்லி எழுதியிருந்தார்.

அன்றைக்கு எந்திரங்கள் எல்லாம் சந்தனப் பொட்டோடும் வாழைக்கன்றோடும் சத்தமின்றி நின்றன. அவர் நரைத்திருந்தார், கொஞ்சம் பருத்திருந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு கணம் தயங்கிவிட்டு, "தங்கச்சி, நீயா" என்று சத்தமாகச் சிரித்தார். எங்கள் மேலாளரிடமும், கூட்டு நிறுவனத்திலிருந்து வந்திருந்த வெளிநாட்டுப் பொறியாளரிடமும் என்னை அறிமுகப்படுத்தினார். தஞ்சாவூரில் தான் இந்த வழிமுறையைக் கண்டுபிடித்த காலத்தில் தனக்காகத் தரவு சேகரித்துக் கொடுத்த பெண் என்றார். பொறியாளர் என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார். நானும் தலையசைத்தேன்.

அவருடைய கருவி அழகாக இருந்தது. முதல் இரண்டு கண்ணாடிகளை நிமிடத்தில் அளந்து, வண்ணப்படமாகக் காட்டியது. எண்கள் சரியாக இருந்தன. மேலாளருக்கு முகம் மலர்ந்துவிட்டது. மூன்றாவது கண்ணாடியை நான் கொடுத்தேன். மெருகேற்றும் பிரிவில் சொல்லி, வேண்டுமென்றே ஓரம் சரியும்வரை தேய்க்கவைத்த கண்ணாடி அது. எதற்கு என்று அவர்கள் கேட்டதற்கு, சோதனைக்கு என்றேன். அது பொய்யில்லை.

கருவி அளந்தது. திரையில் ஓரம் வரை சமமாக நீலம். நல்ல கண்ணாடி என்றார் அவர்.

இன்னும் பத்து முறை அளக்க முடியுமா என்று கேட்டேன். பத்து முறையும் நீலம். ஆனால் திரையின் மூலையில் தெரிந்த மூலப் பட்டைகளில் ஓரம் மட்டும் பத்து முறையும் மங்கலாக இருந்தது. பிறகு அந்தக் கண்ணாடியை எடுத்துப் போய், ஊசியால் மெல்லத் தடவி அளக்கும் எங்கள் பழைய கருவியில் வைத்தேன். ஊசி நடுவிலிருந்து நேராகப் போய், ஓரத்துக்கு இரண்டு மில்லிமீட்டர் இருக்கும்போது கீழே இறங்கியது. தாளில் கோடு, மதகைத் தாண்டிய தண்ணீர்போலச் சரிந்து விழுந்தது. அந்தத் தாளை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் முதலில் அந்த மங்கலை இரைச்சல் என்றார். தரை அதிர்ந்திருக்கும், சாலையில் லாரி போயிருக்கும் என்றார். அன்று பண்டிகை என்பதையும் எந்திரம் ஒன்றுகூட ஓடவில்லை என்பதையும் பொறியாளரே அவருக்கு நினைவுபடுத்தினார். பத்து முறையும் ஒரே இடத்தில் மங்குவது எப்படி இரைச்சலாகும் என்றும் அவரே கேட்டார். நான் கேட்டிருந்தால்கூட அத்தனை பதமாகக் கேட்டிருக்க முடியாது. அண்ணா திரையைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். அவருடைய ஆங்கிலம் தடுமாறி நான் கேட்டது அன்றைக்குத்தான். அவர் காதுமடல்கள் சிவப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கண்ணை எடுக்க எனக்கு மனமில்லை.

மற்றவர்கள் சாப்பிடப் போனதும் அவர் பின்தங்கினார்.

"இது ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். ஃபிளாப்பி குடுத்த ஆறே மாசத்துல தெரியும். எப்புடி சரிபண்றதுன்னும் தெரியும்."

"அப்பறம் ஏன் சொல்லல?"

"பேப்பர்ல என் பேரு இல்லையேண்ணா. யாரோ எழுதுனதுல தப்பு சொல்ல நான் யாரு?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். சரிசெய்யும் வழியைத் தனக்கு மட்டும் சொல்லமுடியுமா என்று கேட்டார். இந்தத் தடவை பெயர் போடுவதாகச் சொன்னார். சாப்பாடு ஆறுகிறது, வாங்க என்றேன்.

மறுவாரம் சோதனை அறிக்கையை எழுதினேன். குறை என்ன, அது எங்கிருந்து வருகிறது, எப்படித் தீர்ப்பது, எல்லாம் அதில் இருந்தது. என் நோட்டின் பக்கத்தை நகலெடுத்து இணைத்தேன். கீழே என் கையெழுத்து. கூட்டு நிறுவனம் அதைத் தன் மற்றத் தொழிற்சாலைகளுக்கும் அனுப்பியது. அங்கெல்லாம் அவருடைய கருவிகள் இருந்தன. நாங்கள் வேறு கம்பெனியின் கருவியை வாங்கினோம். சில மாதங்களில் அவரை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். கைடு அப்போது ஓய்வு பெற்றுக் கும்பகோணத்தில் இருந்தார். அவருக்கும் அறிக்கையின் பிரதி ஒன்றைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பதில் இல்லை. நான் பதிலுக்காக அனுப்பவுமில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது தொலைபேசி அடித்தது. அமெரிக்காவிலிருந்து அவருடைய மனைவி. அவரை நான் பார்த்ததில்லை. அழவில்லை, சத்தம் போடவுமில்லை. கணவர் நான்கு மாதமாக வீட்டுக்குள்ளேயே இருக்கிறார், யாரிடமும் பேசுவதில்லை, என் பெயரை மட்டும் ஒருநாள் சொன்னார், அதனால் நம்பரைத் தேடிப் பிடித்ததாகச் சொன்னார்.

"நீங்க அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவரே திருத்தியிருப்பாருங்க."

"திருத்தியிருப்பாருங்க. அதுக்கும் அவர் பேருதான் இருந்திருக்கும்."

"இப்ப ஒங்களுக்குத் திருப்திதானா?" என்று கேட்டார்.

திருப்திதான் என்றேன். அவர் போனை வைத்துவிட்டார்.

நான் சொன்னது உண்மை. அண்ணாவுக்காக இன்றுவரை எனக்கு இரக்கம் வரவில்லை. வந்தால் மறைக்கமாட்டேன். அந்தப் பெண்ணிடம் சொல்லாமல் விட்டது வேறு ஒன்று. நான் சொல்லாமல் இருந்த வருடங்களில் அந்தக் கருவிகள் எத்தனையோ பட்டறைகளில் ஓடியிருக்கின்றன. ஓரம் சரிந்த எத்தனையோ கண்ணாடிகளுக்கு நல்லது என்று சொல்லி அனுப்பியிருக்கின்றன. எந்தக் கேமராவில், எந்த ஆஸ்பத்திரியின் எந்த நுண்ணோக்கியில் அவை உட்கார்ந்திருக்கின்றன என்று யாருக்கும் தெரியாது. அவர் தெரியாமல் அனுப்பினார். நான் தெரிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு வருடம் முன்பு மகளுக்குக் கண் பரிசோதனை. மருத்துவர் ஒரு கருவியில் கண் வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை, எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். அந்தக் கருவி எந்த ஊரில் செய்தது என்று அவரிடம் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. மகளை அழைத்துப் போய் இன்னொரு மருத்துவரிடம் காட்டினேன்.